செயலாளரின் ஆண்டறிக்கை: அமரும் பொருளும் பார்க்கும் பொருளும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆண்டுப் பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். சமகாலக் கலையையும், சேகரித்துப் பேணத்தக்க அறைகலன்களையும், இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் வைக்கப்படும் கலைக்கூடக் கண்காட்சிகளையும் பற்றிக் கூடிப் பேசவும் இயன்ற அளவில் செயல்படவும் தொடங்கப்பட்ட நம் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் ஒன்றும் தவறாமல் நடைபெற்றன. அவற்றின் பொருள்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுத்துவிடும் வழக்கத்தை இம்முறை கைவிட்டு, ஒரு கூட்டத்தில் எழுந்த கேள்வியையே அடுத்த கூட்டத்திற்குப் பொருளாக்கினோம். அவ்வாறு செய்ததில் ஆண்டு முழுவதும் ஒரே கேள்வி நம்மை விடாமல் தொடர்ந்து வந்தது: கலைக்கூடத்தில் வைக்கப்பட்ட நாற்காலியில் உட்காரலாமா, கூடாதா? எளிய கேள்வியாகத் தோன்றினாலும், கலைப்பொருள் எது, பயன்பொருள் எது என்ற பழைய வழக்கின் முடிச்சு அதில்தான் இருக்கிறது என்பதை இப்போது உறுதியாக நம்புகிறேன்.

முதற்கூட்டத்தில் சிற்பி பிரான்குசியின் ‘வெளியில் பறவை’ (Bird in Space) வழக்கை எடுத்துக்கொண்டோம். 1926இல் அந்த வெண்கலச் சிற்பம் நியூயார்க்கில் வந்திறங்கியபோது, சுங்க அதிகாரிகள் அதைச் சிற்பமென ஏற்க மறுத்து, சமையலறைக் கருவிகளும் மருத்துவமனைப் பொருள்களும் அடங்கிய பிரிவில் சேர்த்து 40 விழுக்காடு வரி விதித்தார்கள். 1928இல் நீதிமன்றம் அதைக் கலைப்படைப்பு என்று தீர்ப்பளித்து வரியை நீக்கியது. கலைக்குக் கிடைத்த வெற்றியாகவே இத்தீர்ப்பு எங்கும் சொல்லப்படுகிறது. ஆனால், பயன் இருந்தால் கலை இல்லை என்ற சட்டத்தின் அடிப்படைக் கருத்து அந்த வெற்றிக்குப் பிறகும் அப்படியே நின்றது என்று நம் துணைத் தலைவர் சுட்டிக்காட்டியது, அன்றைய கூட்டத்தின் போக்கையே மாற்றியது.

அதே பிரான்குசியைக் கொண்டே அக்கருத்துக்கு மறுப்புச் சொன்னவர் ஸ்காட் பர்ட்டன். பழைய பாணி நாற்காலி ஒன்றை வெண்கலத்தில் வார்த்து, 1975இல் நியூயார்க்கில் கலைக்கூடத்தின் உள்ளே வைக்காமல் எதிரேயிருந்த தெருவில் வைத்த சிற்பி அவர். பின்னர் ஒற்றைப் பாறையை இரண்டு வெட்டுகளில் இருக்கையாக்கிப் பொது இடங்களில் நிறுத்தினார். 1989இல், தம் மறைவுக்குச் சில மாதங்கள் முன்பு, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவர் அமைத்த கண்காட்சியில், பிரான்குசியின் சிற்பங்களைத் தாங்கிநின்ற பீடங்களையும் தனிப் படைப்புகளாகவே காட்டினார். பீடம் என்பது பொருளைத் தாங்கும் மேசை. மேசையாக இருப்பதாலேயே அது சிற்பம் ஆகாமற் போவதில்லை என்பது அவர் காட்சியின் வாதம். சொற்பொழிவு எதுவும் இல்லாமல், பொருள்களை இடம்மாற்றி வைத்தே ஒரு கருத்தை நிலைநாட்டலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கலைக்கூடங்கள் அறைகலன்களை நாடியது அண்மைக் காலத்து வழக்கம் என்ற எண்ணத்தை மூன்றாம் கூட்டம் திருத்தியது. 1939இல் ரெனே ட்ரூவானும் லியோ காஸ்டெல்லியும் பாரிஸில் திறந்த கலைக்கூடத்தின் முதற்கண்காட்சியே மிகையதார்த்தக் கலைஞர்களின் அறைகலன்களைக் கொண்டதுதான். பறவைக் கால்களின்மேல் நிற்கும் பொன்மேசையை மெரெட் ஓப்பன்ஹைம் அங்கே வைத்தார். அதன் மேற்பரப்பில் பறவையின் அடிச்சுவடுகள் பதிந்திருந்தன. லியோனோர் ஃபினி வைத்த அலமாரியின் கதவுகள் சிறகுடைய பெண்ணுருவங்களாக இருந்தன. சில மாதங்களில் போர் மூண்டது. காஸ்டெல்லி பின்னாளில் நியூயார்க்கில் கலைக்கூடம் நடத்திப் பெரும்புகழ் பெற்றார் என்பது நாம் அறிந்ததே. அந்தப் புகழின் தொடக்கத்தில் ஒரு மேசையும் ஓர் அலமாரியும் இருந்தன என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம்.

அமெரிக்கச் சிற்பி டொனால்ட் ஜட்டைப் பற்றிய கூட்டம் இரண்டு மாலைகளுக்கு நீண்டது. சிற்பம் ஒன்றைத் தேநீர் மேசையாக மாற்ற முயன்று தோற்று, அதைத் தூக்கி எறிந்துவிட்டதாகவும், கலையின் அமைப்பையும் அளவையும் அப்படியே அறைகலனுக்குக் கடத்த முடியாது என்று அதிலிருந்து கண்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். அவருடைய பலகைக் கட்டிலும் நாற்காலிகளும் தேவையிலிருந்து பிறந்தவை; டெக்சாஸின் மார்ஃபா ஊரில் குடியேறியபோது வாங்கத்தக்க நல்ல பொருள் கிடைக்காததால் தாமே செய்யத் தொடங்கினார். அவற்றுக்கு எண்ணும் ஆண்டும் பொறிக்கப்படுகின்றன என்றாலும், எத்தனை செய்யலாம் என்ற வரம்பு கிடையாது. கலையையும் அறைகலனையும் ஜட் பிரித்த விதம் மிகக் கடுமையானது என்று உறுப்பினர்களில் ஒரு பகுதியினரும், அது நேர்மையானது என்று மற்றவர்களும் வாதிட்டார்கள். நான் இரண்டாம் பகுதியைச் சேர்ந்தவன். நாற்காலியின் தகுதி அது நாற்காலியாக எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதில்தான் தொடங்க வேண்டும். கலை என்ற பெயரைச் சூட்டி அதன் உட்காரமுடியாத் தன்மைக்கு மன்னிப்புக் கோரக் கூடாது.

சேகரிப்பு பற்றிய கூட்டத்திற்குப் புதிய உறுப்பினர்கள் பலர் வந்திருந்தார்கள் என்பதால் அடிப்படைகளிலிருந்தே தொடங்கினோம். கலைக்கூடங்கள் வெளியிடும் அறைகலன்கள் பெரும்பாலும் சிறு பதிப்புகளாக வருகின்றன. எட்டுப் படிகளும், அவற்றுடன் கலைஞர் தமக்கென வைத்துக்கொள்ளும் ‘கலைஞர் படிகள்’ இரண்டும், சில வேளை மூலமாதிரிகளும் என்பது பரவலான வழக்கம். எனவே வாங்குபவர் கேட்க வேண்டியவை, இது எத்தனையாவது படி, சான்றிதழில் கையெழுத்திட்டவர் யார், இதுவரை யார் யார் கைமாறி வந்தது, எந்தப் பழுது எப்போது யாரால் நீக்கப்பட்டது என்பன. ஆஸ்திரேலிய வடிவமைப்பாளர் மார்க் நியூசனின் ‘லாக்ஹீட் லவுஞ்ச்’ சாய்விருக்கை, கண்ணாடியிழை உடலின்மேல் மெல்லிய அலுமினியத் தகடுகளைத் தறையாணிகளால் பொருத்திச் செய்யப்பட்டது. அதன் முதல் வடிவம் 1986இல் சிட்னியின் ஒரு கலைக்கூடத்தில் காட்டப்பட்டது. பதிப்பில் பத்துப் படிகளே உள்ளன. ஒரு படி 2015இல் லண்டன் ஏலத்தில் 24 லட்சம் பவுண்டுக்குமேல் விற்றது. வடிவமைப்பாளர் ஐலீன் கிரேயின் டிராகன் வடிவக் கைகளுடைய நாற்காலி 2009 பாரிஸ் ஏலத்தில் ஏறத்தாழ 2 கோடியே 19 லட்சம் யூரோவுக்குப் போனது. இத்தொகைகள் கூட்டத்தில் வியப்பொலியை எழுப்பின. கிரேவுக்கு அரக்குப் பூச்சுக் கலையைக் கற்பித்து அவருடன் சேர்ந்து உழைத்த சுகவாரா சேய்ஸோவின் பெயரைச் சொன்னபோது அவையில் அமைதி நிலவியது. அந்தப் பெயரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. எனக்கு அந்த அமைதிதான் இன்னும் நினைவிருக்கிறது.

சண்டிகர் நாற்காலிகளைப் பற்றியும் அக்கூட்டத்திலேயே பேச நேர்ந்தது. 1950களில் அந்நகரம் எழுந்தபோது கட்டடக் கலைஞர் பியேர் ஜான்னரேயின் பொறுப்பில் அலுவலகங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் தேக்கும் பிரம்பும் கொண்டு வடிவமைக்கப்பட்ட நாற்காலிகள், பல பட்டறைகளில், பல கைகளால், பல ஆண்டுகள் செய்யப்பட்டவை. பழுதானவை மொட்டைமாடிகளில் குவிந்து, கழிவுப்பொருளாக ஏலம் போயின. 1990களின் இறுதியிலிருந்து பாரிஸ் வணிகர்கள் அவற்றை வாங்கிச் சீர்செய்து உலகெங்கும் விற்றார்கள். 2011இல் இந்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்பதற்கும் வெளிநாடு அனுப்புவதற்கும் தடை விதித்தது. இன்று ஒரு நாற்காலி உண்மையானதுதான் என்று காட்டும் அடையாளங்களில் ஒன்று, அலுவலகச் சரக்குப் பதிவுக்காக மரத்தின்மேல் பெயின்ட்டால் எழுதப்பட்ட துறைப்பெயரும் எண்ணுமே. அதைச் சுரண்டி மெருகேற்றினால் அழகு கூடலாம், வரலாறு போய்விடும். செய்த தச்சர்களின் பெயர்களோ அந்நாற்காலிகளின்மேல் எழுதப்படவே இல்லை.

இனி, ஆண்டின் முதன்மைப் பணியாகிய நம் கண்காட்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் தம் இல்லங்களிலிருந்து அளித்த நாற்காலிகள், பெஞ்சுகள், எழுதுமேசை ஒன்று ஆகியவற்றை, சமகால ஓவியர்களும் சிற்பிகளும் மனமுவந்து கொடுத்த படைப்புகளோடு ஒரே அரங்கில் வைத்தோம். முதலில் எல்லா நாற்காலிகளையும் ஒரு சாண் உயரமுள்ள வெள்ளைப் பீடங்களின்மேல் ஏற்றினோம். ஏற்றியவுடன் அவை மாறிவிட்டன: கால்களின் சரிவும் முதுகுப்பலகையின் வளைவும் கூர்மையாகத் தெரிந்தன, ஆனால் ஒன்றுகூட யாரையும் அழைப்பதுபோல் இல்லை. இரவெல்லாம் பேசிப் பாதியைத் தரைக்கு இறக்கினோம். தரையில் நின்றவை ஓவியங்களோடு பேசின. பீடத்தில் நின்றவை தனித்து நின்றன. இரண்டு நிலைகளையும் ஒரே அரங்கில் காட்டியது தற்செயலாக வந்ததே எனினும் நன்றாக அமைந்தது.

அமர்வதற்கென்று ஒரு நாற்காலியாவது இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியது குறிப்பேட்டில் உள்ளது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1975 முதல், சாம் மாலூஃப் போன்ற மரக்கலைஞர்கள் செய்த இருக்கைகளைப் பார்வையாளர் அமர்வதற்காகவே காட்சியறைகளில் வைத்தது. 1992இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா என்னும் சமகாலக் கலைக் கண்காட்சியில் ஆஸ்திரியச் சிற்பி ஃபிரான்ஸ் வெஸ்ட் கம்பளம் விரித்த 72 சாய்விருக்கைகளை வெட்டவெளியில் பரப்பினார். அவற்றில் மக்கள் சாய்ந்து கிடந்ததே படைப்பு நிறைவுறும் விதமாயிற்று. இவற்றை முன்வைத்து, காட்சியில் இருந்த பிரம்பு நாற்காலி ஒன்றுக்கு இணையான மற்றொன்றை நம் தச்சர் உறுப்பினரைக் கொண்டு, மரத்துண்டுகளை இணைக்கும் கழுந்தும் துளையும் மூலத்தில் உள்ளவாறே பொருந்தச் செய்வித்து, ஒரு பெரிய ஓவியத்தின் முன் இட்டோம். அதில் அமர்ந்தவர்கள் ஓவியத்தின் முன் நெடுநேரம் இருந்தார்கள். ஒரு மூதாட்டி இரண்டு நாள் வந்து அதே இடத்தில் அமர்ந்து பார்த்துவிட்டுச் சென்றார். நாற்காலியைக் காட்டவே அதை வைத்தோம். அது ஓவியத்தையும் காட்டிக்கொடுத்தது.

இதில் நேர்ந்த ஒரு குறையையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன். மூலமும் படியும் ஒன்றுபோலவே இருந்ததால், இரண்டாம் நாள் மாலையில் பார்வையாளர் ஒருவர் மூல நாற்காலியில் அமர்ந்துவிட, காய்ந்து நொறுங்கும் நிலையிலிருந்த பழைய பிரம்புப் பின்னல் அறுந்தது. அவர்மீது குற்றமில்லை, இரண்டையும் வேறுபடுத்தும் அறிவிப்பைக் கண்ணில் படும் இடத்தில் நான் வைத்திருக்க வேண்டும். பின்னலை அப்படியே விடுவதா, புதிதாக முடைவதா என்று உரிமையாளருடன் மூன்று முறை பேசினோம். பிரம்பு தேய்ந்தால் மாற்றப்படுவதற்கென்றே பின்னப்படுவது, மரச்சட்டம்தான் நிலைப்பது என்ற தச்சரின் கருத்தை உரிமையாளர் ஏற்றார். புதுப் பின்னல் போடப்பட்டது. பழைய பிரம்பு துணியில் சுற்றிச் சீட்டுடன் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. முடைந்தவரின் பெயரும் நாளும் பதிவேட்டில் எழுதப்பட்டன. வருத்தத்துடன் தொடங்கிய இச்செயல், நம் சங்கம் முதன்முதலாக ஒரு பழுதுநீக்கத்தை முறையாகப் பதிவு செய்த நிகழ்வாக முடிந்தது.

அமரவே முடியாத நாற்காலிகளுக்கும் கலைக்கூடத்தில் இடமுண்டு என்று கண்காட்சியின் இறுதிநாள் உரையாடலில் ஓவியர் ஒருவர் எடுத்துரைத்தார். ஈராண்டுக்கொரு முறை நடக்கும் இஸ்தான்புல் பைனாலே கலைக் கண்காட்சியில் 2003இல் கொலம்பியச் சிற்பி டோரிஸ் சல்செடோ இரண்டு கட்டடங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் ஏறத்தாழ 1,550 மரநாற்காலிகளை அடுக்கி நிரப்பியதை அவர் காட்டாகச் சொன்னார். ஒவ்வொரு வெற்று நாற்காலியும் இல்லாமற்போன ஒருவரின் இருப்பைக் கேட்கிறது. உட்கார்ந்து பழகிய உடலுக்குத்தான் அந்த வெறுமை உறைக்கும் என்று அவர் முடித்தார். என் நிலைப்பாட்டை அவர் மறுப்பதாக முதலில் எண்ணினேன். எண்ணிப் பார்த்தால் அதை எனக்கு மேலும் தெளிவாக்கினார்.

நூலகத்திற்கு ஏலப் பட்டியல்களும் கண்காட்சிக் கையேடுகளும் உறுப்பினர்களின் நன்கொடையாக வந்துள்ளன. அட்டவணைப்படுத்தும் வேலை பாதியில் நிற்கிறது. மெத்தைகளுக்குள் இருக்கும் பாலியூரித்தேன் நுரை காலப்போக்கில் பொடிந்துவிடுவது பற்றியும், காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது பலகை அகலவாட்டில் விரிந்து சுருங்குவது பற்றியும் பேணல் வகுப்பு ஒன்று நடைபெற்றது. வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனியே படிப்பார்.

நம் மூத்த உறுப்பினரும், சங்கக் கூட்ட மேசையைத் தம் கையால் இழைத்துக் கொடுத்தவருமான தச்சர் ஐயா இவ்வாண்டு மறைந்தார். அவர் குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துள்ளோம். அவர் செய்த அம்மேசையின் அடிப்புறத்தில் அவர் பெயர் இல்லை என்பதை இரங்கல் கூட்டத்தன்றுதான் கவனித்தோம். குடும்பத்தாரின் ஒப்புதலோடு இப்போது பொறிக்கப்பட்டுள்ளது.

இதையொட்டிச் செயற்குழு இரண்டு தீர்மானங்களைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறது. சங்கம் நடத்தும் எக்கண்காட்சியிலும் வடிவமைத்தவரின் பெயருக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில், செய்தவரின் பெயரும் பெயர்ச்சீட்டில் இடம்பெற வேண்டும். தெரியாதபோது ‘செய்தவர் பெயர் கிடைக்கவில்லை’ என்று எழுத வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு காட்சியறையிலும் அமர்வதற்குரிய நல்ல இருக்கை ஒன்றேனும், தெளிவான அறிவிப்புடன், இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. அடுத்த கண்காட்சிக்கு எழுதுமேசைகளையும் கையெழுத்துக் கலையையும் இணைத்துக் காட்டலாம் என்ற முன்மொழிவு வந்துள்ளது. பொருள் தர விரும்பும் உறுப்பினர்கள் அதன் பழுது விவரத்தையும் எழுதித் தருமாறு வேண்டுகிறேன்.

அரங்கை அளித்தவர்களுக்கும், பொருள்களை நம்பி ஒப்படைத்தவர்களுக்கும், பீடங்களை இரவோடிரவாக இறக்கிய இளம் உறுப்பினர்களுக்கும் என் நன்றி. இவ்வறிக்கையை விவாதித்து ஏற்றருளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்