காந்த சிகிச்சைப் பள்ளியின் வழக்கு: மீதிக் கதையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் காந்த சிகிச்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்பே அதற்கென்று சிகிச்சை நிலையமும் பள்ளிக்கூடமும் இருந்தன, அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது என்று எழுதியிருந்தீர்கள். பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. அது ஒரு தபால் வழக்கு. மும்பையில் ஊர்வாரியாகத் தபால் பிரிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் மீதியை எழுதுகிறேன்.

மிசௌரி மாநிலத்தில் நெவாடா என்று ஒரு சிற்றூர். 1897-ல் சிட்னி வெல்ட்மர் என்பவர் அங்கே காந்த சிகிச்சைப் பள்ளியைத் தொடங்கினார். வெளியூரிலிருந்து வரும் நோயாளிகளுக்கு வைத்தியம் ஒரு பக்கம், பணம் கட்டி அதைக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்குப் பாடம் இன்னொரு பக்கம். இதில் காந்தத்துக்கு வேலையே இல்லை. உடம்பில் கைவைத்துத் தடவுவார்கள், நோய் குணமாகிறது என்று மனதில் பதியும்படி சொல்வார்கள். நேரில் வர முடியாதவர்களுக்குத் தபால் இருந்தது. நோயை விவரித்துக் கடிதமும் பணமும் அனுப்பினால், குறித்த நேரத்தில் நோயாளி தன் வீட்டில் அமைதியாக இருக்க வேண்டும். வைத்தியர் நெவாடாவில் இருந்தபடியே மனதைச் செலுத்துவார்.

கடிதங்கள் வந்து குவிந்தன. 1900 மே மாதம் அமெரிக்கத் தபால் துறைத் தலைவர் இதை மோசடி என்று முடிவு செய்து, பள்ளிக்கு வரும் தபாலைக் கொடுக்கக் கூடாது, மணியார்டர் பட்டுவாடா செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஊர் போஸ்ட் மாஸ்டர் மெக்கனல்டி உறைகளின் மேல் ‘மோசடி’ என்று முத்திரை குத்தி, அனுப்பியவருக்கே திருப்ப வேண்டியதாயிற்று. முகவரியில் ஆள் இல்லை, வாங்க மறுத்தார், வீடு பூட்டியிருக்கிறது என்று எழுதித் திரும்பிய கடிதங்களை நாங்கள் மூட்டை மூட்டையாகப் பார்த்திருக்கிறோம். விலாசதாரர் மோசடிக்காரர் என்றே குத்தித் திருப்புவதென்றால் அது எவ்வளவு பெரிய அதிகாரம்! விசாரணை இல்லாமல் ஒரு தனி அதிகாரியிடம் அதைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணமும்.

பள்ளி நீதிமன்றம் போனது. 1902 நவம்பர் 17 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி பெக்கம் தீர்ப்பை எழுதினார். எந்த வைத்தியம் பலிக்கும், எது பலிக்காது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு, ஹோமியோபதியையும் அலோபதியையும் பற்றிக்கூட அப்படித்தான், ஆகவே வெறும் அபிப்பிராய பேதத்தை வைத்துத் தபாலை நிறுத்தத் தபால் துறைக்கு அதிகாரம் இல்லை என்றார். அவ்வளவுதான். இந்த வைத்தியத்தால் நோய் தீரும் என்று எங்கேயும் சொல்லவில்லை. பள்ளி நடக்கும் விதம் உண்மையில் சட்டத்தை மீறுகிறது என்று விசாரணையில் முடிந்தால் காட்டலாம் என்று கதவைத் திறந்தே வைத்தார். உங்கள் கட்டுரையில் விட்டுப்போனது இந்த இடம்தான்.

வைத்தியம் பலிக்குமா என்ற கேள்வியை இதற்கு வெகுகாலம் முன்பே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 1784-ல் இதே மாதிரியான காந்த வைத்தியத்தை ஆராயப் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழுவில் விஞ்ஞானிகள் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்தார்கள். தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்த சக்தி ஏற்றிவிட்டு, பன்னிரண்டு வயதுப் பையனின் கண்ணைக் கட்டி வேறு மரங்களிடம் ஒவ்வொன்றாகக் கூட்டிப்போனார்கள். சக்தி ஏற்றாத நான்காவது மரத்தடியிலேயே அவன் மயங்கி விழுந்தான். பையன் நடிக்கவில்லை, நம்பினான். நெவாடாவில் தேறினவர்களையும் நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஓய்வும் ஆறுதல் பேச்சும் கைத்தொடுதலும் பலருக்கு நிம்மதி தந்திருக்கும். அதை மறுக்க எனக்கு மனமில்லை.

சர்க்கரை வியாதி அப்படி இறங்காது. செம்பூரில் எங்கள் சொசைட்டி ஹாலில் காந்த மெத்தை விற்க வந்தவர்கள், பெரியவர் ஒருவரைக் கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி மணிக்கட்டில் அழுத்தினார்கள், கை இறங்கியது. காந்தம் வைத்த அட்டை மேல் நிற்கவைத்து மறுபடி அழுத்தினார்கள், கை அசையவில்லை. இரண்டாவது தடவை முழங்கை கிட்டே அழுத்தியதை முன்வரிசையிலிருந்து பார்த்தேன்; அங்கே அழுத்தினால் கை சுலபத்தில் இறங்காது. எழுந்து சொல்லவும் சொன்னேன். கைதட்டலில் அது எடுபடவில்லை. லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து மெத்தை வாங்கிய எங்கள் மாடிக்காரர், அவர்கள் பேச்சை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் வீட்டு மேஜையில் அந்த விளம்பரத் துண்டு இன்னும் இருக்கிறது: ‘அமெரிக்க நீதிமன்றம் ஏற்ற முறை’.

1954-ம் வருஷத்து மருந்து, மாய வைத்திய விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதோடு, அந்த விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுப்பதும் குற்றம். உங்கள் விளம்பரப் பிரிவில் இருப்பவர்கள் காந்த மெத்தை விளம்பரம் வரும்போது இந்தப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். அப்புறம், 1902 தீர்ப்பு உண்மையில் சொன்னது என்ன என்பதை, கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். தமிழ்ப் பத்திரிகையை மட்டுமே படிக்கிற பெரியவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தபால் துறை ஓய்வூதியர்,
செம்பூர், மும்பை