வீட்டுத் தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும், இந்தப் பங்குனி வெயிலில் நடந்து வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டம், விதை, சந்தா பற்றியெல்லாம் பின்னால் சொல்கிறேன். மாசியில் சந்தா வாங்க வீடு வீடாகப் போனபோது சில வீடுகளில் ஒரே பதில் கிடைத்தது. "எங்க கைக்கு ராசி இல்லைம்மா. பேரை எடுத்துடுங்க." ஓர் அக்கா கண் கலங்கியே சொன்னார். வருஷக்கணக்காக வீட்டுக்குக் கத்தரிக்காயைக் கடையில் வாங்காதவர் அவர். அந்த வீடுகளின் கொல்லையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். செடி போனதற்கு ஒவ்வொரு கொல்லையிலும் கண்ணுக்குத் தெரிகிற காரணம் இருந்தது. யார் பேரையும் நான் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதைத்தான் இந்த அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

மேட்டூர் அணையைக் குறுவை நெல்லுக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2023-இல் அந்தத் தேதியில் திறந்தார்கள். ஆனால் அக்டோபரிலேயே மூடும்படி ஆயிற்று. 2024 ஜூனில் திறப்பதற்கு அணையில் தண்ணீர் இல்லை. கர்நாடகத்தில் மழை பிடித்து, நீர்மட்டம் மளமளவென்று ஏறி, ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். ஓரிரு நாளில் அணை அதன் முழு மட்டமான 120 அடியைத் தொட்டது. இது வயல்காரர்கள் கவலை, கொல்லைக்கு என்ன என்று கேட்கலாம். மன்னார்குடிப் பக்கத்தில் நமக்குத் தெரியும், மேட்டூர்த் தண்ணீர் வந்து பாமணியாற்றில் ஓடினால் வீட்டு அடிபம்பில் தெரியும். ஆறு காய்ந்தால் பம்புக்கும் மூச்சு இரைக்கும். வைகாசி, ஆனி இரண்டு மாதமும் நம்மில் பலர் பம்பை வெகுநேரம் அடித்து ஒரு குடம் எடுத்தோம். அந்தத் தண்ணீரைக் குடிக்க, சமைக்க வைத்துக்கொண்டு செடிக்கு எங்கே ஊற்றுவது?

ஆடிப்பட்டம் தேடி விதை என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஆடி முதலில் நாற்று விட்டால் ஆவணி முதலில் கத்தரியை நடலாம். புரட்டாசிக் கடைசியில் முதல் காய். கார்த்திகையில் அடைமழை வருவதற்குள் ஒரு மாதத்துக் காய் வீட்டுக்கு வந்துவிடும். செடியும் இடுப்பளவு வளர்ந்து, தண்டு கட்டை பாய்ந்து, ஒரு மழையைத் தாங்கும். போன வருஷம் ஆற்றை எதிர்பார்த்து நம்மில் பாதிப் பேர் ஆவணி பாதியில்தான் விதையைத் தொட்டோம். கார்த்திகை பிறந்தபோது செடி முழங்கால் உயரம்.

நவம்பர் கடைசி வாரம் மழை தொடங்கியது. வங்கக்கடலில் இருந்த அந்தப் புயல் சின்னம்தான் பிறகு ஃபெஞ்சல் புயலாகி 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புயல் வடக்கே போனாலும் தண்ணீர் நமக்கு வந்தது. சம்பா மூழ்கியது. அது வடிந்து மூச்சு விடுவதற்குள் திருக்கார்த்திகையை ஒட்டி மறுபடி மழை. பொங்கல் கழிந்த வாரம், அறுவடைக்கு நின்ற கதிர் மேல் இன்னொரு மழை.

முதல் மழை விட்ட மூன்றாம் நாள் நல்ல வெயில். அந்த அக்கா வீட்டிலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தேன். கொல்லை முழுக்கக் கணுக்கால் தண்ணீர், அதற்கு நடுவே கத்தரிச் செடிகள் இலையைத் தொங்கப் போட்டு நிற்கின்றன. "ஏம்மா, காலடியில இவ்வளவு தண்ணி நிக்குது, இது ஏன் தண்ணி இல்லாத மாதிரி வாடுது?" என்று கேட்டார். ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். இழுக்கவே தேவையில்லை, கையோடு வந்துவிட்டது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, விரலால் உருவினால் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. புளித்த கஞ்சி நாற்றம்.

வேரும் மூச்சு விடும். மண் துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்றைத்தான் அது சுவாசிக்கிறது. தண்ணீர் அந்த இடைவெளியை எல்லாம் நிரப்பிவிட்டால் இரண்டு மூன்று நாளில் வேர் சாகிறது. செத்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. வெயில் அடித்ததும் இலை காய்கிறது. பார்ப்பவர்கள் வாடுகிறதே என்று இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறார்கள். நம் மண்ணோ களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊறி ஒட்டிக்கொண்டு சொட்டுத் தண்ணீரைக் கீழே விடாது. மணற்பாங்கான வேதாரண்யம் பக்கத்துக் கொல்லையில் இப்படி நாள் கணக்கில் நிற்காது.

அதே தெருவில் எதிர்வீட்டில் கத்தரி நன்றாக இருந்தது. அதே நாற்று, நம் சங்கத்தில் கொடுத்ததுதான். அந்த வீட்டில் போன சித்திரையில் கிணற்றடியைத் தோண்டிய மண்ணைக் கொல்லையில் கொட்டி, அதன் மேல் வைக்கோலும் எருவும் போட்டு, முழங்கால் உயர மேடாக்கி வைத்திருந்தார்கள். வேறு எதுவும் செய்யவில்லை. ஒரு முழ உயரம்தான் இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம்.

தண்ணீர் ஏன் நின்றது என்றும் பார்த்தேன். அந்தக்கால வீடுகளில் கொல்லைச் சுவரின் அடியில் ஒரு தூம்பு இருக்கும். தண்ணீர் அதன் வழியே பின்வாய்க்காலுக்கு ஓடிவிடும். காம்பவுண்டு சுவர் கட்டும்போது, பாம்பு வருகிறது என்று தூம்பை அடைத்துவிட்டோம். வாசல் பக்கம் தெரு ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்துகொண்டே போகிறது. நம் கொல்லைகள் நமக்குத் தெரியாமலே பள்ளமாகிவிட்டன. அந்த அக்கா வீட்டுத் தூம்பைக் கடப்பாறையால் திறந்து, கம்பி வலை வைத்துக் கொடுத்தோம். அடுத்த மழையில் ஒரு பொழுதில் வடிந்தது. இந்த வருஷம் சங்கம் செய்த வேலைகளில் எனக்கு மனநிறைவு தந்தது இது ஒன்றுதான் என்று சொல்வேன். இப்படி இன்னும் பல வீடுகளில் திறக்க வேண்டியிருக்கிறது.

இனிக் காலம் தவறியதால் போனவை. கீழவீதியில் ஒரு தம்பி ஆர்வத்தோடு தை மாதம் பந்தல் அவரை போட்டார். கொடி கூரை ஏறி, அடுத்த வீட்டு முருங்கையையும் பிடித்துவிட்டது. பூ ஒன்றில்லை. உரம் போதவில்லையோ என்று இன்னும் எரு வைத்திருக்கிறார். நம் பழைய கொடி அவரைக்குப் பூக்கப் பகல்பொழுது குறைய வேண்டும். ஆடியில் போட்டால் கொடி வளர்ந்து ஆளாவதற்கும் கார்த்திகை, மார்கழியில் பொழுது சுருங்குவதற்கும் சரியாக இருக்கும், பனியில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். தையில் போட்டால் கொடி வளரவளரப் பொழுதும் நீள்கிறது, அது இலையாகவே போடும். தையில் போட வேண்டுமானால் குத்து அவரை போடலாம், அது பொழுது பார்ப்பதில்லை.

தக்காளிக்கு இரவுதான் முக்கியம். இரவிலும் சூடு தணியாத சித்திரை, வைகாசியில் பூ பூக்கும், மகரந்தம் பழுதாகி, காம்போடு உதிரும். 2024 ஏப்ரல், மே வெயிலில் நம்மில் தக்காளி வைத்திருந்த அத்தனை வீட்டிலும் பூ கொட்டியது. ஒருவர்கூடக் காய் எடுக்கவில்லை. நம் பகுதிக்குக் கார்த்திகைக் கடைசியில் கூரைக்கு அடியில் நாற்று விட்டு, மழை ஓய்ந்தபின் நட்டு, மாசி, பங்குனியில் பறிப்பதுதான் ஒத்து வருகிறது. இந்த வருஷம் அப்படிச் செய்த வீடுகளில், நாற்றைத் தையின் கடைசியில் நட்டவர்களிடம், இன்றைக்கும் பழம் இருக்கிறது.

வெண்டைக்கு வேறு விதி. இலை நரம்பு மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது சத்துக் குறைவு இல்லை, வெள்ளை ஈ கொண்டு வந்த நோய். மருந்து கிடையாது. முதல் செடியில் பார்த்த அன்றே பிடுங்கி எரித்தவர்கள் மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். "ரெண்டு நாள் பாப்போம்" என்று விட்டவர்கள் பாத்தியை இழந்தார்கள். கத்தரியில் நுனி மட்டும் வாடினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஒரு விரல்கடை கீழே கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். காலையில் காப்பி குடித்ததும் ஐந்து நிமிஷ வேலை. வேப்பெண்ணெய் அடிப்பவர்கள் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, மாலையில் அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும்.

"பூ நிறைய வருது, பிஞ்சு நிக்கலை" என்று பூசணி, பீர்க்கு, சுரை, புடலைக் கொடி வைத்த வீடுகளில் எல்லாம் சொன்னார்கள். முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூ, அது உதிர்வது இயல்பு. பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருப்பதுதான் பெண் பூ. அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி வெம்பினால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். மழை நாளில் தேனீ பறக்காது, மகரந்தமும் நனைந்துவிடும். அப்போது நாம்தான் செய்ய வேண்டும். ஆனால் நேரம் தெரிய வேண்டும். பூசணி விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். பீர்க்கும் சுரையும் மாலையில் விரியும். பீர்க்கம்பூ பூத்துவிட்டது, விளக்கை ஏற்று என்று என் பாட்டி சொல்வார், அப்போது எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. புடலை இன்னும் தாமதம், பொழுது சாய்ந்தபின் அந்த வெள்ளை நூல்நூலான பூ விரியும். ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி, ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவினேன். ஏழு பூவில் ஐந்து காயாயிற்று. அடுத்த கூட்டத்தில் இதைச் செய்து காட்டியதும் பெண்கள் பலர் அன்று மாலையே செய்து பார்த்துச் சேதி அனுப்பினார்கள்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்ததை யாரும் மறக்கவில்லை. நம் கொல்லைத் தென்னைகள் அடியோடு சாய்ந்தன. அடுத்த வருஷம் நம் தோட்டங்கள் காய்த்துக் குலுங்கின. அந்தச் சந்தோஷத்தை வாய்விட்டுச் சொல்லக்கூட அன்றைக்கு மனம் வரவில்லை. காரணம் இப்போது புரிகிறது. பல வருஷம் நிழலில் கிடந்த மண்ணில் முதல்முறையாக முழு வெயில் விழுந்தது. அதற்குப்பின் நட்ட கன்றுகள் இப்போது மட்டை விரித்துவிட்டன, பக்கத்தில் மாடி வீடுகளும் எழும்பிவிட்டன. காய்க்கிற செடிக்கு நாளுக்கு 6 மணி நேர வெயிலாவது வேண்டும். இரண்டு மூன்று வருஷமாக விளைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்கிறவர்கள், ஒரு நாள் காலை முதல் மாலை வரை பாத்தியில் எப்போது வெயில் வருகிறது, எப்போது போகிறது என்று பாருங்கள். வெயில் இல்லாத இடத்தில் கத்தரியோடு மல்லுக்கட்ட வேண்டாம். பசலை, சேம்பு, வல்லாரை வையுங்கள். பொன்னாங்கண்ணி ஈரத்திலும் நிற்கும். இந்தக் கார்த்திகையில் தண்ணீர் நின்ற கொல்லைகளில் கடைசிவரை பச்சையாக இருந்தவை சேம்பும் பொன்னாங்கண்ணியும்தான்.

என் தவறு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். ஆனியில் சங்கம் சார்பில் எரு வாங்கிக் கொடுத்தேன். மேலே பார்க்கக் கறுப்பாக இருந்தது, உள்ளே கையை விட்டுப் பார்க்கவில்லை. உள்ளே சூடாக, பாதிதான் மக்கியிருந்தது. அதை வாங்கிய வீடுகளில் நாற்று வேர் வெந்தது, கோரை முளைத்தது, வண்டுப் புழுவும் வந்தது. அவர்களிடம் இந்தக் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் கையில் பிடித்தால் சூடு இல்லாமல், சாண வாடை போய் மண் வாடை வரும் எருவைத்தான் வாங்குவது என்று செயற்குழுவில் எழுதி வைத்திருக்கிறோம். களிமண்ணை நெகிழ்த்த ரைஸ் மில் கருக்கிய உமியும் சேர்த்துத் தரலாம் என்று பேசியிருக்கிறோம்.

மாதக் கூட்டங்கள் மழை மாதங்கள் தவிர நடந்தன. விதைப் பரிமாற்றம் ஆடியிலும் தையிலும் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நாற்றங்காலுக்கு இடம் கொடுத்த பெரியப்பாவுக்கும், கடப்பாறையோடு வந்த இளைஞர்களுக்கும் நன்றி.

வரும் வருஷத்துக்கு மூன்று வேலை இருக்கிறது. சித்திரை, வைகாசியில், மண் காய்ந்திருக்கும்போதே, கேட்கும் வீடுகளில் மேட்டுப்பாத்தி போட்டுத் தருவது. அடைபட்ட தூம்புகளைத் திறப்பது. ஆறு வந்தாலும் வராவிட்டாலும் ஆடி முதல் வாரத்தில் நாற்று தயாராக இருக்கும்படி, தண்ணீர் வசதி உள்ள நாலு வீட்டில் பொது நாற்றங்கால் விடுவது. நாற்றங்காலுக்குக் கொஞ்சத் தண்ணீர் போதும், அதில் தெரு முழுவதற்கும் நாற்று வளர்க்கலாம்.

பேரை எடுக்கச் சொன்ன அந்த அக்கா இன்று வரவில்லை. போன மாதம் அவர் வீட்டில் மேடு போட்டோம். முந்தாநாள் போனபோது அதில் தண்டுக்கீரை முளைத்திருந்தது. சாணியில் தட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருந்த பூசணி விதையை உரித்து என்னிடம் ஒரு கைப்பிடி கொடுத்து, சங்கத்துக்கு என்றார். வெளியே மேஜை மேல் பித்தளைக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். போகும்போது வேண்டியவர்கள் இரண்டிரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.

செயலாளர்