'ரன்' என்ற சொல்லும் கொச்சை என்ற முத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் 'ரன்' என்னும் ஆங்கில வினைச்சொல்லின் பொருள்களை வரிசையாக அச்சிட்டு, 'ஓடு' என்பதை மூலப்பொருள் என்றும், மற்றவற்றில் பலவற்றைக் கொச்சை வழக்கு என்றும் குறித்திருந்தீர்கள். பட்டியலில் பிழையில்லை. ஆனால், அந்தப் பொருள்கள் எந்தத் தொழிலிலிருந்து, எந்தக் காலத்தில் கிளைத்தன என்பதைச் சொல்லாமல் மனப்பாடத்துக்கு விட்டுவிட்டதால், கட்டுரையின் பயன் பாதியாகக் குறைந்துவிட்டது என்பது என் கருத்து.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற வினைக்கு உரியது. அதற்கு 430 பொருள்கள். 2011இல் முதலிடத்துக்கு வந்த 'ரன்' என்பதற்கோ வினையாக மட்டும் 645 பொருள்கள். அந்த ஒரு பதிவைத் திருத்தி எழுத, அகராதியியலாளர் பீட்டர் கில்லிவருக்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் பிடித்தன. இத்தனையையும் மனப்பாடம் செய்து பேசும் ஆங்கிலேயர் ஒருவரும் இருக்க மாட்டார்.

கட்டுரை கொச்சை என்று ஒதுக்கிய 'கடத்து' என்ற பொருளையே எடுத்துக்கொள்வோம். பாய்மரக் கப்பல், காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு விரைவதை மாலுமிகள் 'ரன்' என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் தேயிலை, பிராந்தி, புகையிலை ஆகியவற்றைச் சுங்கம் செலுத்தாமல் இங்கிலாந்தின் கென்ட், சசெக்ஸ், கார்ன்வால் கரைகளில் இரவோடு இரவாக இறக்கியதற்கும் அதே சொல்தான் வழங்கியது. இது கள்ளக்கடத்தல்காரர்களின் குழூஉக்குறியாக மட்டும் நின்றுவிடவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் தலைப்பிலேயே 'சரக்குகளை மறைவாக ரன் செய்தல்' என்ற தொடர் இடம்பெற்றிருக்கிறது. தேயிலை மீதான வரி 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாக 1784இல் குறைக்கப்பட்ட பிறகு, தேயிலைக் கடத்தலில் லாபம் அற்றுப்போயிற்று. சொல் மட்டும் நிலைத்தது. 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில், அதிபர் லிங்கன் விதித்த கடல் முற்றுகையை மீறிப் பருத்தி ஏற்றிச்சென்ற கப்பல்களுக்கும், 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்குக் காலத்தில் ரம் கடத்தியவர்களுக்கும் அதுவே பெயராயிற்று. இன்றைய செய்திகளில் வரும் 'கன் ரன்னிங்' என்ற ஆயுதக் கடத்தல் இந்தக் கிளையில் பிறந்ததே. சட்டப் புத்தகத்தில் ஏறிய சொல்லைக் கொச்சை என்று எப்படித் தள்ளுவது?

எந்திரங்களின் வரவு இச்சொல்லை மேலும் விரித்தது. ஆலையின் சக்கரம் 'ரன்' ஆயிற்று. 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே புகைவண்டி 'ரன்' ஆயிற்று. பிறகு வண்டியை நடத்துவதும், கடையை நடத்துவதும், நாட்டையே நடத்துவதும் அச்சொல்லுக்குள் அடங்கின. தமிழில் 'ஓடு', 'ஓட்டு' என்று தன்வினையும் பிறவினையும் வடிவத்தால் வேறுபடுகின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். நம் மாணவர்கள் தடுமாறும் இடம் இது என்பதால், கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

தேர்தலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வேட்பாளர் பதவிக்கு 'ரன்' செய்கிறார். இங்கிலாந்திலோ அவர் 'ஸ்டாண்ட்' செய்கிறார், அதாவது நிற்கிறார். தமிழில் நாமும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறோம். இது தெரியாத மொழிபெயர்ப்புக் கருவிகளை நம்பி, 'அதிபர் தேர்தலில் ஓடுகிறார்' என்று எழுதிவிடும் செய்தித் தளங்களைப் பார்க்கும்போது, அந்த வேட்பாளர் யாருக்குப் பயந்து ஓடுகிறாரோ என்று வாசகர் திகைக்கத்தான் வேண்டும்.

உண்மையான பேச்சுவழக்குக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், வரைமுறையின்றி வாயாடுவதைக் குறிக்கும் 'ரன் யுவர் மவுத்' என்ற அமெரிக்கத் தொடரைக் காட்டியிருக்கலாம். மூக்கு ஒழுகுவது, துவைக்கும்போது சட்டையின் சாயம் ஓடிப் பக்கத்து வேட்டியில் ஏறுவது, மெழுகு உருகி வழிவது ஆகியவை எல்லாம் நீரோட்டத்திலிருந்து வந்த பழம்பொருள்கள். அவற்றுக்கு அடைப்புக்குறிக்குள் 'பேச்சு வழக்கு' என்று போட வேண்டியதில்லை.

அடுத்ததாக 'செட்' பற்றிய கட்டுரை வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதிலாவது பொருள்களை அகர வரிசையில் அடுக்காமல், கடல், பட்டறை, அச்சகம், சமையலறை என்று அவை புழங்கிய இடங்களை வைத்துப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.