ரயில் பாஸ் வாங்கும் முன் கூட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயண நிறுவனத்தை நாடாமல் தாங்களே திட்டமிட்டு ஜப்பான் போய்வர நினைக்கும் குடும்பங்களுக்கு இன்றும் முதலில் சொல்லப்படும் யோசனை, "ஏழு நாள் ரயில் பாஸ் எடுத்துவிடுங்கள்" என்பதுதான். அது பழைய கணக்கு. ஏழு நாளும் எத்தனை முறை வேண்டுமானாலும் ரயிலேற உதவும் அந்தப் பாஸ், 29,650 யென்னாக இருந்தது, 2023 அக்டோபரில் 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென். போய்த் திரும்ப 28,000. ஹிரோஷிமா வரை போய்த் திரும்பினால்கூட 40,000-ஐ ஒட்டித்தான் வரும். போதாக்குறைக்கு, மிக வேகமான நொசோமி ரயிலில் ஏற வேண்டுமானால் பாஸ் இருந்தும் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

யென்னுக்கு 60 காசு என்று வைத்துக்கொள்வோம். டோக்கியோ, கியோட்டோ மட்டும் பார்த்துவரும் பெரியவர்கள் நான்கு பேர் பாஸ் எடுத்தால், 50,000 ரூபாய்க்கு மேல் வீண். ஒரே வாரத்தில் ஊர் ஊராக நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு மட்டுமே அது கட்டுப்படியாகும்.

இன்னும் மிச்சப்படுத்த வழி இருக்கிறது. விமான டிக்கெட் எடுக்கும்போது 'மல்டி சிட்டி' என்பதைத் தேர்ந்து, டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து கிளம்பும்படி பாருங்கள். ஒரே நிறுவனத்தில் எடுத்தால் பெரும்பாலும் சாதாரண ரிட்டர்ன் டிக்கெட்டை ஒட்டிய விலைதான். கியோட்டோவிலிருந்து ஒசாகா அரை மணி நேரம், 600 யென்னுக்கும் குறைவு. டோக்கியோவுக்குத் திரும்பும் 14,000 யென்னும் அரை நாளும் கையில் நிற்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் மட்டும் எடுக்காதீர்கள். மாறுகிற ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டுக் குடியேற்றப் பிரிவைத் தாண்ட வேண்டும், விசாவும் கேட்கலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை.

விசா விண்ணப்பத்தில் எந்த நாள் எந்த ஊர், எங்கே தங்கல் என்று நாள்வாரியாக எழுதித் தர வேண்டும். ஆகவே முதலில் நாள் திட்டம், அடுத்து ரத்து செய்யக்கூடிய அறைகள், பிறகு விசா. பணம் திரும்ப வராத எதையும் விசா கைக்கு வரும்வரை வாங்க வேண்டாம். செர்ரி பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்திலும், ஏப்ரல் இறுதியில் தொடங்கும் அவர்களுடைய 'கோல்டன் வீக்' விடுமுறையிலும் அறை வாடகை தாறுமாறாக ஏறும். நம் பள்ளி விடுமுறையும் அதையொட்டியே வருவதால் இதைக் கவனித்தே தேதி குறிக்க வேண்டும்.

அறை போடும்போது 'செமி டபுள்' என்ற சொல்லைப் பார்த்தால் நிதானியுங்கள். இருவருக்கென்று காட்டினாலும் கட்டிலின் அகலம் சுமார் 120 சென்டிமீட்டர்தான். நம் வீட்டு ஒற்றைக் கட்டிலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. பெட்டியிலும் ஓர் அளவு உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், டோக்கியோ - கியோட்டோ புல்லட் ரயிலில் அதற்கென இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்டணம். கிளம்பும் முன் வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் உணவுக்குக் கூடுதலாகவே ஒதுக்க வேண்டும். காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும் நூடுல்ஸிலும் 'தாஷி' என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் காய்ந்த மீனில் வடித்தது. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது, மீனை அவர்கள் இறைச்சியாகக் கருதுவதில்லை. தாஷி வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக் காட்டுவதே வழி. சூப்பர் மார்க்கெட்டில் வெந்த சோறு பாக்கெட்டில் கிடைக்கும், மைக்ரோவேவில் சூடாக்கினால் போதும். பொடியும் ஊறுகாயும் கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாத இலைகளை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

கடையில் கார்டு தேய்க்கும்போது இயந்திரம் "ரூபாயா, யென்னா?" என்று கேட்டால் யென்னையே தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை அவர்களே வைப்பார்கள், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்