ஹைபிரிட் கார் விற்கும் ஷோரூம்காரர்களுக்கு, கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் என்று நம் பக்கத்தில், பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் கார் விற்கும் எல்லா ஷோரூம்களுக்கும், அவற்றின் சர்வீஸ் சென்டர்களுக்கும் இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது எந்தக் கம்பெனி வண்டி, யாரிடம் வாங்கினேன் என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. வேறு கம்பெனி வண்டி வைத்திருக்கிற சொந்தக்காரர்களிடமும் கூட வேலை பார்ப்பவர்களிடமும் பேசிப் பார்த்துவிட்டேன், எல்லா இடத்திலும் இதே கதைதான்.

முதலிலேயே ஒன்று. வண்டியில் எனக்குக் குறையே இல்லை. அதை எங்கள் கையில் நீங்கள் கொடுக்கிற விதம்தான் குறை. மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கேக் வெட்டி, அட்டையில் செய்த பெரிய சாவியைப் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்து, புளூடூத்தை போனோடு சேர்த்துக் காட்டி, கை குலுக்கி அனுப்பிவிடுகிறீர்கள். வண்டியைப் பற்றிக் கிடைத்தது ஒரே வரி: “சார்ஜ் போடவே வேண்டாம் மேடம், சாதா பெட்ரோல் கார் மாதிரியே ஓட்டலாம்.” சார்ஜ் போட வேண்டாம் என்பது உண்மை. சாதா கார் மாதிரி என்பது உண்மையில்லை, அதைத்தான் நாங்கள் ரோட்டில் கற்றுக்கொண்டிருக்கிறோம். (ஓட்டப் போவது நான், ஆனால் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் வந்தது. அதற்குத் தனி மடலே எழுதலாம்.)

மைலேஜிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீங்களும் அதில்தான் ஆரம்பிக்கிறீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம், ஆனால் ஊருக்கு ரயில் கிடையாது. 44-ம் நம்பர் சாலையும் 48-ம் நம்பர் சாலையும் இங்கே வந்துதான் சேர்கின்றன, எங்கே போவதானாலும் ரோடுதான். பெங்களூரு ஆஸ்பத்திரி, சேலத்துக் கல்யாணம், திருவண்ணாமலை கிரிவலம் எல்லாமே காரில்தான், அதனால் லிட்டருக்கு எவ்வளவு என்பது எங்கள் வீட்டுக் கணக்கில் பெரிய விஷயம். உங்கள் ஷோரூம் பையன் சொன்னது, “ஹைவேயில் அள்ளும் மேடம்.” நடப்பது தலைகீழ். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மற்ற கார்களெல்லாம் நின்ற இடத்தில் பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருக்கும்போது நம் வண்டி எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரில் நகர்கிறது, ஒவ்வொரு பிரேக்கிலும் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது, அங்கேதான் இது சம்பாதிக்கிறது. கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டி 110-ல் விட்டால் எஞ்சின் ஓயாமல் ஓடும், பிரேக்குக்கு வேலையில்லை, திரும்ப எடுக்க ஒன்றும் இல்லை. 80, 90-ல் போனால் மறுபடி நன்றாகக் கொடுக்கிறது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து காய்கறி மார்க்கெட் என்று குட்டிக் குட்டியாக ஓட்டினால் எஞ்சின் ஒவ்வொரு முறையும் சூடாக வேண்டும் என்பதற்காகவே ஓடும், அதிலும் மைலேஜ் இறங்கும். கம்பெனி தாளில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்கிற 27.97, 23.24 எல்லாம் பரிசோதனைக் கூடத்து எண்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இந்த நாலு வரியை டெலிவரி அன்றே சொல்லியிருந்தால், முதல் சர்வீஸில் மைலேஜ் பற்றிக் கேட்டவர்களிடம் “ஓட்டுற விதம்தான்” என்று ஒரு மாதிரி சிரிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு வந்திருக்காது.

சரி, மைலேஜ் பணத்தோடு போகிறது. தொப்பூர் கணவாய் அப்படி இல்லை. தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்கள் யாருக்கும் அந்த இறக்கத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, அங்கே நடந்த விபத்துகளைப் பற்றிப் படிக்காத வருஷமே கிடையாது. டீசல் மிச்சம் பிடிக்க லாரிகள் நியூட்ரலில் இறங்குவதும், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவதும் ஊரறிந்த காரணங்கள். அந்த இறக்கத்தில் ஹைபிரிட் கார் என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பாதி இறக்கத்தில் எஞ்சின் திடீரென்று ஓ என்று கத்த ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை, வேகமும் ஏறவில்லை, சத்தம் மட்டும். பின்னால் உட்கார்ந்திருந்த அத்தை “ஓரங்கட்டும்மா, ஓரங்கட்டு” என்று என் சீட்டைத் தட்டுகிறார். அந்த இறக்கத்தில் ஓரங்கட்டினால் பின்னால் வரும் கன்டெய்னர் எங்கே போகும்?

அப்புறம் ஆங்கில மேனுவலை வரி வரியாகப் படித்தபோதுதான் விளங்கியது, அது கோளாறே இல்லை. ஹைபிரிட் பேட்டரி சின்னக் குடம். மின்சாரக் காரில் 40, 50 யூனிட் பிடிக்கும் என்றால் இதில் சில மாடல்களில் ஒரு யூனிட்கூட முழுசாகப் பிடிக்காது. நீண்ட இறக்கத்தில் அது சீக்கிரமே நிறைந்துவிடும், அதற்கு மேல் வருகிற மின்சாரத்தை வைக்க இடமில்லாமல், பெட்ரோல் செலவில்லாமலே எஞ்சினைச் சுற்றவிட்டு வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. உண்மையில் அந்தச் சத்தம் நமக்குப் பாதுகாப்பு. கியரில் ‘B’ என்று (பார்க்கிங்குக்கான ‘P’ இல்லை, பிரேக்குக்கான ‘B’) இருந்தால் அதை இறக்கத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், நியூட்ரலுக்குப் போகவே கூடாது, நியூட்ரலில் பேட்டரிக்கு சார்ஜும் ஏறாது, வண்டியைப் பிடிக்கவும் கால் பிரேக்கைத் தவிர ஒன்றும் இருக்காது. இவ்வளவுதான் விஷயம், சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். தொப்பூரை வைத்துக்கொண்டு ஒரு ஊரில் கார் விற்கிறீர்கள், டெஸ்ட் டிரைவுக்கோ ஆபீஸ் முன்னால் இருக்கிற சமதள சர்வீஸ் ரோட்டில் ஒரு ரவுண்டு கூட்டிப்போகிறீர்கள்.

சத்தம் பயமுறுத்துவது ஒரு பக்கம், சத்தமே இல்லாதது இன்னொரு பக்கம். மண்டபத்து வாசலில் ஏசி ஓடட்டும் என்று வைத்திருந்தால் வண்டி அமைதியாக இருக்கும், டேஷ்போர்டில் ‘ரெடி’ என்று ஒரு சின்ன விளக்கு மட்டும் எரியும். அணைத்துவிட்டதாக நினைத்து இறங்கிப் போகிறவர்கள் நிறைய. கொஞ்ச நேரத்தில் பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானாகக் கிளம்பும். கதவு சாத்திய ஷெட்டில் இப்படி நடந்தால் அந்தப் புகை ஆளையே கொல்லும்.

அடுத்து அந்தச் சின்ன பேட்டரி. நான் இவ்வளவு எழுத உட்கார்ந்ததே அதனால்தான். பெரிய பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி என்று பெரிய எழுத்தில் சொல்கிறீர்கள், அதே வண்டிக்குள் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் இருக்கிறது என்பதை வாயைத் திறந்து சொல்வதில்லை. வண்டியின் கம்ப்யூட்டரை எழுப்புவது அதுதான், அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் பிரயோஜனமில்லை. கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் வண்டி செத்துக் கிடக்கிறது, ரிமோட் வேலை செய்யவில்லை, கதவைத் திறக்கவே சாவிக்குள் மறைந்திருக்கும் இரும்புச் சாவியைத் தேட வேண்டியிருக்கிறது. தெருமுனை மெக்கானிக் அண்ணன், எங்கள் பழைய காரை வருஷக்கணக்கில் பார்த்தவர், பானெட்டைத் திறந்து ஆரஞ்சு நிற கேபிளைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “இதைத் தொட்டா ஷாக் அடிக்கும்னு சொல்றாங்க மேடம், நான் தொடமாட்டேன்.” அவர் சொன்னதில் தப்பில்லை, ஆரஞ்சு கேபிளைத் தெரியாதவர் தொடவே கூடாது. ஆனால் 12 வோல்ட் பேட்டரிக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுப்பதற்கும் ஆரஞ்சு கேபிளுக்கும் சம்பந்தமே கிடையாது, அதற்கென்று தனியாகக் குறித்த இடம் மேனுவலில் படத்தோடு இருக்கிறது. அதை அவருக்குச் சொல்ல ஆளில்லை. உங்கள் சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தால் “ஹைபிரிட் டெக்னீஷியன் சேலத்திலிருந்துதான் வரணும்” என்றார்கள். வந்தவர் அந்த 12 வோல்ட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற கேபிளை மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டது. வாரம் ஒருமுறை ஓட்டுங்கள், முடியாவிட்டால் ரெடி நிலையில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள், ரெடிக்குப் போகாமல் பாட்டு மட்டும் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள் என்று அவர்தான் சொன்னார், அதுவும் கிளம்புகிற அவசரத்தில்.

சீட் கவர் கதை இதைவிட வேடிக்கை. எங்கள் வண்டியில் பேட்டரிக்குக் காற்று போகிற வழி பின் சீட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஜன்னல் கம்பி மாதிரி இருக்கிறது. நீங்களே விற்று நீங்களே மாட்டிவிட்ட சீட் கவர் அதைப் பாதி மூடிக்கொண்டிருந்தது. மாந்தோப்பு ஓரத்து வீடு, எலிக்குப் பஞ்சமில்லை, மண் ரோட்டுத் தூசி வேறு. அந்தக் கம்பியைச் சுத்தம் செய்யவும், உள்ளே ஃபில்டர் இருந்தால் அதைப் பார்க்கவும் சர்வீஸில் நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. மார்ச், ஏப்ரல் வெயிலில் பேட்டரிக்குக் காற்று போகாவிட்டால் அதன் ஆயுசு குறையும் என்பது எனக்கே தெரிந்துவிட்டது, உங்கள் ஆக்ஸசரீஸ் கவுன்டருக்குத் தெரியவில்லை.

மழையையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது, ரோட்டோரம் நின்ற வண்டிகள் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் போனில் பார்த்தோம். அப்படி ஒரு வெள்ளத்தில் ஹைபிரிட் மூழ்கினால் என்ன செய்வது? ஸ்டார்ட் பட்டனை அமுக்கக் கூடாது, ஆரஞ்சு கேபிள் பக்கம் போகக் கூடாது. கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, ஏனென்றால் முன் சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே மோட்டார் சுற்றும். லாரி மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இதை ஹைவே மீட்பு வண்டிக்காரரிடம் யார் சொல்வது? நடு ரோட்டில் நிற்கிற காருக்கு அவர் முதலில் எடுப்பது கயிற்றைத்தான்.

வரியைப் பற்றி உங்களிடம் பேசிப் பயனில்லை. இந்த ஹைபிரிட் கார்களுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 43 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22-லிருந்து 40 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது, மின்சாரக் காருக்கு 5 சதவீதம்தான், ஹைபிரிட்டுக்கு அதற்கு மேல் நம் மாநில ஆயுட்கால வரி வேறு. இது அரசாங்கத்தோடு பேச வேண்டியது. ஆனால் இவ்வளவு கட்டி வாங்குகிறவருக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள் போடக்கூடவா கஷ்டம்?

நான் கேட்பது இதுதான். நான் மேலே எழுதியதையெல்லாம் தமிழில், படத்தோடு, டேஷ்போர்டு பெட்டியில் வைக்கிற மாதிரி ஒரு சின்னப் புத்தகமாகக் கொடுங்கள். டெலிவரி அன்று கேக்குக்கு முன்னால் பானெட்டைத் திறந்து காட்டுங்கள், வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் சேர்த்து. இரண்டு மாவட்டத்துக்கும் ஒரு ஹைபிரிட் டெக்னீஷியனாவது இங்கேயே இருக்கட்டும், சேலத்தையும் பெங்களூருவையும் கை காட்டாதீர்கள். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கிற மாவட்டம் இது, ஐடிஐ முடித்த பிள்ளைகள் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஆள் கிடைக்கவில்லை என்று சொன்னால் நம்ப முடியாது.

அப்புறம் தெருமுனை மெக்கானிக்குகள். அவர்களை ஹைபிரிட் சரிசெய்யச் சொல்லவில்லை, வாரண்டி போய்விடும் என்ற உங்கள் கவலையும் புரிகிறது. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, 12 வோல்ட்டுக்கு எங்கே கரண்ட் கொடுப்பது, நின்ற வண்டியை எப்படி ஏற்றிக் கொண்டுபோவது, இவ்வளவை மட்டும் ஒரு நாள் கூட்டி வைத்துக் காட்டுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பர்கூர் பக்கம் வண்டி நின்றால் முதலில் வரப்போவது அவர்கள்தான், உங்கள் டோல் ஃப்ரீ நம்பர் இல்லை. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வையுங்கள், மற்ற நாளில் ஷெட்டை மூடிவிட்டு யாரும் வரமாட்டார்கள். எங்கள் தெரு அண்ணனை நானே கூட்டி வருகிறேன், காட்டுவதற்கு வண்டி வேண்டுமென்றால் என் வண்டியையே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி