‘கோல்பெர்க்’ படமும் 1,87,000 வீரர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போர்க்காலப் பிரசாரப் படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, நாஜி ஜெர்மனியின் ‘கோல்பெர்க்’ படத்தில் 1,87,000 ராணுவ வீரர்கள் துணை நடிகர்களாக நடித்ததாகச் சொல்கிறது. பல காலமாகச் சுற்றிவரும் இந்த எண், இயக்குநர் ஃபைட் ஹார்லன் போருக்குப் பிறகு கொடுத்த கணக்கு. வரலாற்றாய்வாளர்கள் பலர் இதை நம்புவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். 1944இல் ஒரு ஜெர்மன் காலாட்படை டிவிஷனின் முழு பலம் ஏறக்குறைய 12,500 பேர். அப்படியானால் கிட்டத்தட்ட 15 டிவிஷன்கள் படப்பிடிப்புக்குப் போயிருக்க வேண்டும். பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் கோல்பெர்க் கோட்டை நகரை நெப்போலியனின் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்ட கதைதான் படம். அந்த 1807 முற்றுகையில் கோட்டைக்குள் இருந்த காவற்படையே சுமார் 6,000 பேர்தான். சில ஆயிரம் பேரைச் சுற்றிச் சுற்றி அணிவகுக்கவிட்டு, கேமராவின் உயரத்தையும் கோணத்தையும் மாற்றினாலே திரை நிறைந்துவிடும். வீரர்களும் கடற்படையினரும் நடித்தது உண்மை. 80 லட்சம் மார்க் அளவுக்குச் செலவானதும் உண்மை. பனிக்காட்சிக்கு 100 ரயில் பெட்டி உப்பு கொட்டப்பட்டது என்பதோ மறுபடியும் ஹார்லன் சொன்னதுதான். இந்தப் பிரம்மாண்டக் கதைகளை நாம் அப்படியே திரும்பச் சொன்னால், நாஜி பிரசார அமைச்சர் கோயபல்ஸின் விளம்பர வேலையை நாமே செய்தவர்களாவோம்.

கட்டுரை எழுத வேண்டியிருந்தது வேறொன்றை. 1943 ஜூன் 1 அன்று கோயபல்ஸ் இந்தப் படத்தை எடுக்கச் சொன்னபோதே கருத்தை முடிவு செய்துவிட்டார்: ஊர் மக்களும் படையும் ஒன்றாக நின்றால் எந்த எதிரியையும் வெல்லலாம். ஆகவே படத்தில் ஊர் மக்களின் பிரதிநிதி நெட்டெல்பெக்கும் தளபதி க்னைசெனாவும் உறுதியாக நிற்க, பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையைக் கைவிடுகிறார்கள். நடந்தது அதுவல்ல. போர்நிறுத்தச் செய்தி எட்டியதால் 1807 ஜூலை 2 அன்று சண்டை நின்றது. அடுத்த வாரமே நெப்போலியனுடன் செய்துகொண்ட டில்சிட் சமாதான உடன்படிக்கையில் பிரஷ்யா தன் நிலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்தது. தோற்ற போரின் ஒரு மூலையை வெட்டியெடுத்து வெற்றிக் கதையாக்கியதுதான் இந்தப் படத்தின் ஆகப் பெரிய பொய். ஜெர்மன் எழுத்தாளர் பவுல் ஹைஸ் இதே முற்றுகையைப் பற்றி எழுதிய நாடகத்தைப் பயன்படுத்திக்கொண்டு, அவர் தாய் யூதர் என்பதால் அவர் பெயரையே போடாமல் விட்டதையும் குறிப்பிட்டிருக்கலாம்.

படத்தொகுப்பில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. 1944 கடைசியில் படத்தைப் பார்த்த கோயபல்ஸ், சாவும் அழிவும் நிறைந்த காட்சிகளை வெட்டச் சொன்னார். வீரத்தைத் தூக்கிக்காட்ட அழிவைக் காட்ட வேண்டும்; ஆனால் குண்டுவீச்சில் வீடிழந்த ஜெர்மானியர்களுக்கு அது தங்கள் தெருவாகவே தெரியும். இந்தச் சிக்கலிலிருந்து படம் மீளவேயில்லை.

1945 ஜனவரி 30 அன்று பெர்லினிலும், ஜெர்மன் படையின் பிடியில் இருந்து, நேச நாட்டுப் படைகளால் சூழப்பட்டிருந்த பிரான்சின் லா ரோஷெல் துறைமுகத்திலும் வெளியீடு. லா ரோஷெலில் பிரதியை விமானத்திலிருந்து பாராசூட்டில் போட்டார்கள். அதற்குள் சோவியத் செஞ்சேனை பெர்லினுக்குக் கிழக்கே உள்ள ஓடர் ஆற்றை எட்டிக்கொண்டிருந்தது. மார்ச் 18 அன்று கோல்பெர்க் நகரமே வீழ்ந்தபோது, அந்தச் செய்தி ராணுவ அறிக்கையில் வராதபடி கோயபல்ஸ் பார்த்துக்கொண்டார்.

இதைத் திரையிட நினைக்கும் திரைப்படக் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜெர்மனியில் இதை அறிமுக உரையும் பின்னர் கலந்துரையாடலும் இல்லாமல் பொதுத் திரையிடலுக்குத் தருவதில்லை. இங்கும் அதையே பின்பற்றுங்கள். அறிமுகத்தில் டில்சிட்டைப் பற்றியும், கடல்வழியாகக் கோட்டைக்கு உதவிய பிரிட்டிஷ், ஸ்வீடிஷ் கப்பல்களைப் பற்றியும் சொல்லிவிட்டால், பார்வையாளர்கள் படத்தின் முடிவைத் தாங்களே எடைபோடுவார்கள். பிரதியையும் சரிபாருங்கள்: 1965இல் மேற்கு ஜெர்மனியில் ஆவணக் காட்சிகளை இடையிடையே சேர்த்து வெளியிட்ட வடிவமும் உண்டு. மூலப்படம் ஏறக்குறைய 111 நிமிடம்.

இப்படிக்கு,
திரைப்பட வரலாறு கற்பிக்கும் வாசகர்,
திருச்சி