பாரோ படியளக்காத மாதம்

பள்ளி வரலாற்றுப் பாடம் எழுதும் பெரியவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் என் மகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "எகிப்தில் பாரோ கடவுளாகக் கருதப்பட்டார். அவர் சொல்லே சட்டம்." பக்கத்தில் ஒரு பிரமிடு படம். நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "அப்பா, அப்போ அவரை யாருமே எதிர்த்துக் கேக்கலையா?" என்றாள். புத்தகத்தில் பதில் இல்லை.

கேட்டிருக்கிறார்கள். அதுவும் பாரோவுக்குக் கல்லறை குடைந்தவர்களே கேட்டார்கள்.

இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் இருக்கிறது தெய்ர் எல்-மெதினா. பாரோக்களின் கல்லறைகள் இருந்த மன்னர்களின் பள்ளத்தாக்கில் வேலை பார்த்த கல்தச்சர்களும் ஓவியர்களும் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். நாணயம் புழங்காத காலம் அது. மாதாமாதம் அளந்து தரும் கோதுமையும் பார்லியும்தான் சம்பளம். பாரோ மூன்றாம் ராம்சேஸ் பட்டத்துக்கு வந்த 29ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுவில், அந்தப் படி வந்து சேரவில்லை. வேலையைப் போட்டுவிட்டு, கல்லறைப் பகுதியின் ஐந்து சுவர்களையும் தாண்டிப் போய், பழைய பாரோவான மூன்றாம் துட்மோஸின் கோயிலுக்குப் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். "பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது. துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. பாரோவுக்குச் சொல்லி அனுப்புங்கள்" என்றார்கள். ஓர் எழுத்தர் இதையெல்லாம் தேதி போட்டு பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் குறித்து வைத்தார். அது இன்று இத்தாலியில், டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடித்து விரட்டியிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை, முந்தைய மாதத்துப் பாக்கியை அளந்து கொடுத்தார்கள். காவல் தலைவரோ ஒரு படி மேலே போய், "கதவைப் பூட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சேத்தி மன்னரின் கோயிலுக்கு நானே முன்னால் நடக்கிறேன்" என்றார்.

ஆனால் அதோடு தீரவில்லை. அடுத்த மாதங்களிலும் படி தட்டியது, மறுபடியும் வெளியேறினார்கள். அப்போது சொன்னதுதான் என்னை உலுக்கிய வரி: "பசிக்காக நாங்கள் வரவில்லை. பாரோவின் இந்த இடத்தில் தவறு நடந்திருக்கிறது." மாஅத் என்று எகிப்தியர் சொன்ன அறமும் ஒழுங்கும் குலையாமல் காப்பதுதான் பாரோவின் வேலை. அரசனைத் தெய்வமாக நம்பியவர்கள்தாம் அந்தக் கணக்கையும் கேட்டார்கள். தலைமை அமைச்சரோ அப்போது அரசரின் 30ஆம் ஆண்டு விழாவுக்குத் தெய்வச் சிலைகளைக் கொண்டுபோகும் வேலையில் இருந்தார். களஞ்சியமே காலியாக இருந்தாலும் கிடைத்ததைத் தருகிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

அந்த ஊரிலிருந்து சற்றுத் தூரத்தில்தான் மெதினத் ஹபு கோயில். அதன் சுவர்களில் இதே ராம்சேஸ் ஆளுயரத்துக்கும் மேலாக நின்று பகைவரை அடித்து நொறுக்குகிறார். நம் பாடங்கள் அந்தச் சுவரைப் பார்த்து எழுதியவை போலவே இருக்கின்றன.

பிரமிடு படத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. (கீசாவின் பெரிய பிரமிடுக்கும் இந்தச் சம்பவத்துக்கும் நடுவே 1,300 ஆண்டுக்கு மேல் இடைவெளி, அதையும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.) பக்கத்திலேயே அரைப் பக்கம் இந்தக் கல்தச்சர்களுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மகளிடம் கதையைச் சொல்லி முடித்ததும், "இதைப் பரீட்சையில எழுதினா மார்க் உண்டா?" என்றாள். உங்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்